விசிலக்காவின் அரை நிமிடம்

வண்டி கிளம்ப ஒரு நிமிடம் இருக்கும்போது விசிலக்கா பேச்சை நிறுத்திவிடுவார். பாதி வாக்கியமானாலும் சரி, பாதி தேநீரானாலும் சரி. கைக்கடிகாரத்தைச் சட்டை நுனியால் துடைத்து, நொடி முள்ளோடு சேர்ந்து தலையை ஆட்டுவார். அப்புறம் ஒரு விசில். பேருந்து நிலையத்துப் புறாக்கள்கூட அதற்குப் பழகிவிட்டன. பயணிகள்தான் இன்னும் திடுக்கிடுகிறார்கள்.

அக்கா அரசுப் பேருந்துக் கழகத்தின் நேரக் காப்பாளர். பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில் இரண்டே வண்டிகள்: ஒன்று அரசுடையது, ஒன்று தனியாருடையது. ஆறு வாரம் நடக்கும் ஒரு பரீட்சையைப் போக்குவரத்து அதிகாரிகள் வைத்திருக்கிறார்கள். யார் அதிகம் பேரை ஏற்றுகிறாரோ, அவருக்கே அந்தத் தடம் அடுத்த ஐந்து ஆண்டுக்கு. ஒரு நாள் அரசு வண்டி எட்டு மணிக்கு, தனியார் எட்டேகாலுக்கு, மறுநாள் மாற்றி. இரண்டையும் அனுப்புவது அக்காவின் விசில். அரசு வண்டியை ஓட்டுபவரோ அக்காவின் கணவர். தோற்றால் அவருக்குத் தொலைதூர டெப்போவுக்கு மாற்றல். ஞாயிறு மட்டும்தான் வீடு.

"பாலுக்குப் பூனை காவலாக்கும்!" என்று முதல் நாளே ஊர் கேட்கச் சொன்னார் தனியார் வண்டி ஓட்டுநர்.

மறுநாள் அக்கா சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். விசிலுக்கு முன் எந்தச் சக்கரமும் அதைத் தாண்டக்கூடாது. அரசு வண்டிக்கு நிழல், தனியாருக்குக் கழிப்பறை ஓரம் என்றிருந்த பழைய ஏற்பாட்டையும் ஒழித்தார். மேலதிகாரி கூப்பிட்டு, "ஏம்மா, நீங்க யார் பக்கம்?" என்றார்.

"கடிகாரத்துப் பக்கம் சார்."

வீட்டில் கணவர் தட்டின் முன் உட்கார்ந்து புலம்புவார். "ஏம்மா, கட்டின புருஷனுக்கு ஒரு நிமிஷம் தரக்கூடாதா?"

"ஒண்ணு தந்தா நாளைக்கு அஞ்சு கேப்பீங்க. ஜன்னலைச் சரி பண்ணுங்க, சிரிச்ச முகமா ஏத்துங்க. கூட்டம் தானா வரும்."

பத்து வருடமாகத் திறக்காத ஜன்னல்கள் திறந்தன. கணவர் வாழ்நாளில் முதன்முறையாக "பாத்து ஏறுங்கம்மா" என்றார். தனியார் வண்டி சும்மா இருக்குமா? இருக்கை உறைகளைத் துவைத்துப் போட்டது. "இவங்க இப்படியே அடிச்சுக்கட்டும், நமக்கு ராஜ உபசாரம்!" என்று சிரித்தார் தினமும் வரும் நர்சம்மா.

ஐந்தாவது வாரம் தனியார் வண்டி கொஞ்சம் முந்தியிருந்தது. அந்த ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"மாமாவைத் தினம் அரை நிமிஷம் முன்னாடியே விரட்டிடுறீங்க. அப்போ ஓடி வர்றவங்களுக்கு அந்த வண்டி கிடைக்கறதில்ல. என்னை மட்டும் கடைசி நொடி வரைக்கும் நிக்க விடுறீங்க. போன்ல மணி பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் வாய்க்குப் பயந்த விசில், கணவர் வண்டி என்றால் தானாக அவசரப்பட்டிருக்கிறது! "உனக்கு லாபம்தானே? வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே?"

"இருந்து பாத்தேன். இப்படி ஜெயிச்சா அது உங்க தயவுன்னு ஆயிடும். என் வண்டி என்ன அவ்வளவு மட்டமா?"

வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அன்றைக்கு முழுக்க அக்கா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எட்டு மணி அரசு வண்டியின் முறை. பழக்க தோஷத்தில் கணவர் முன்கூட்டியே இன்ஜினை உறும விட்டுக் கிளம்பத் தயாரானார். அக்கா நேரே வண்டியின் முன்னால் போய் நின்று, அதன் நெற்றியில் இடது கையை ஊன்றினார்.

"இன்னும் அரை நிமிஷம் இருக்குங்க. அது உங்களோடது."

கணவர் இன்ஜின் உறுமலை அடக்கினார். நிலைய வாசலில் இரண்டு நர்சுகளும், எக்ஸ்ரே உறையோடு ஒரு பெரியவரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். பின்னால் நின்ற வண்டியிலிருந்து தலையை நீட்டி, "சீக்கிரம் வாங்க, மாமா வண்டி இன்னும் கிளம்பல!" என்று கத்தினார் தனியார் ஓட்டுநர்.

மூவரும் ஏறினார்கள். அப்போதும் அக்கா நகரவில்லை. வலது மணிக்கட்டில் முள் பன்னிரண்டைத் தொட்ட பிறகுதான் இடது கையை எடுத்தார்.