விசா அதிகாரிக்கு ஒரு டப்பா மக்ரூன்

போன மாசம் மெட்ராஸ் போயிருந்தேன். சொந்த வேலையாக அல்ல... தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் இருக்கும் தேவசகாயம் வாத்தியாருக்குத் துணையாக. என் பழைய சிநேகிதர். அவர் மகன் செல்வினுக்கு விசா வாங்க வேண்டியிருந்தது.

செல்வின் அமெரிக்காவில் பிசினஸ் மேனேஜ்மென்ட் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக விசாவைப் புதுப்பிக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. விசா இல்லையென்றால் இதுவரை படித்ததும் வீண்.

இதில் ஒரு சிக்கல். பையன் அங்கே சும்மா படிக்கவில்லை. ஹாஸ்டல் சமையலறையில் முந்திரிப் பருப்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் வைத்து நம் தூத்துக்குடி மக்ரூன் போட்டுப் பார்த்திருக்கிறான். கூடப் படிக்கிறவர்கள் ஆளுக்கொன்று வாயில் போட்டுவிட்டு, இன்னும் கொடு என்று நின்றிருக்கிறார்கள். அப்புறம் என்ன? கம்பெனியே ஆரம்பித்துவிட்டான். பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சப்ளை!

மாணவர் விசாவில் போனவர்கள் அங்கே தொழில் நடத்தக் கூடாதாம். அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. தொழில் நடத்துவது எப்படி என்று ஃபீஸ் கட்டிப் படிக்கலாம் — நடத்திப் பார்க்கத்தான் கூடாது.

ரயில் ஏறியதிலிருந்து செல்வின் அப்பாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தான். கம்பெனியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. வாத்தியாரும் தலையாட்டினார். காலமெல்லாம் பிள்ளைகளை வாயை மூடச் சொன்னவருக்குத் தன் வாயை மூடத் தெரியாதா என்று நானும் நம்பினேன்.

ஆனால் அதிகாரியை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பது எப்படி? நம் பக்கத்தில் பெரிய மனிதர் யாரைப் பார்க்கப் போனாலும் கையில் ஒரு பொட்டலம் இருந்தாக வேண்டும். அமெரிக்கத் தூதரகத்துக்குள் போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் வாத்தியார் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது... ஒரு டப்பா மக்ரூன்!

செல்வின் முகம் வெளிறிவிட்டது. அதிகாரி வேண்டாம் என்றார். வாத்தியார் விடுவாரா? மரியாதைக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார் அந்த மனிதர். பிரமாதம், எங்கள் நாட்டில் இது கிடைக்காதே என்றார்.

வாத்தியார் சிரித்து வைத்திருக்கலாம். பெற்ற மனசு கேட்குமா? மிஷன் ஸ்கூல் இங்கிலீஷில், ஒரு பிழைகூட இல்லாமல், கிடைக்கும் சார், ப்ரொப்ரைட்டர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று மகனைக் காட்டிவிட்டார்.

அதிகாரி மீதி மக்ரூனை மேஜையில் வைத்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. கம்பெனியிலிருந்து முழுதாக விலகினால் படிக்கப் போகலாம், இல்லாவிட்டால் விசா கிடையாது என்றார். ஹாஸ்டலில் தன்னோடு தங்கியிருக்கும் பீட்டர் என்ற அமெரிக்கப் பையனுக்கே கம்பெனியைக் கொடுத்துவிடுவதாகச் செல்வின் எழுதிக் கொடுத்தான்.

மாடிப்படி இறங்கும்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது.

"ஏலே... நான் கெடுத்துட்டேனா?"

"விடுங்கப்பா. படிப்பாவது மிஞ்சிச்சே."

எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அடுப்படியில் நின்று தானே உருவாக்கியதை, தானே கையெழுத்துப் போட்டு இன்னொருவனுக்குக் கொடுப்பது அந்த வயதில் லேசான காரியமா? சட்டத்தைக் குறை சொல்லவில்லை. வாத்தியாரையும்தான் என்ன சொல்ல? பெற்றவர்களிடம் எதை வேண்டுமானாலும் மறைக்கச் சொல்லலாம் — கடனை, வியாதியை... பிள்ளையின் பெருமையை மட்டும் மறைக்கச் சொல்லக் கூடாது.

செல்வின் ப்ளேன் ஏறிவிட்டான். வாத்தியார் மனசொடிந்து கிடப்பார், ஆறுதல் சொல்லலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நாசரேத் போனேன். ஆள் சர்ச் வாசலில் நின்றிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர்.

"எம் மவன் அமெரிக்காவுல ஒரு வெள்ளக்காரப் பயலுக்குத் தொழில் வச்சுக் குடுத்திருக்கான், தெரியும்லா?"