கண்ணுக்கு முந்திய சலாம்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் வேலை பார்த்தபோது, அங்கிருந்த வாட்ச்மேன் எல்லோருக்கும் சலாம் வைப்பார். லாரி கிளீனருக்கும் உண்டு. கை நெற்றிக்குப் போன பிறகுதான் முகம் நிமிரும். வெயிலோ மழையோ, கறுப்புக் கண்ணாடி இறங்காது.

"எனக்கெல்லாம் எதுக்குண்ணே சலாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு விழிகளும் வெளியே பிதுங்கி நின்றன. சிமிட்டும்போது இமைகள் முழுதாக மூடவில்லை.

"தைராய்டுப்பா. மாத்திர துன்னு, டெஸ்ட்ல எல்லாம் நார்மல் ஆய்ச்சு. கண்ணு மட்டும் உள்ள போவல. சும்மா பாத்தாலே, 'இன்னாடா மொறைக்கிற'ன்னு சண்டைக்கு வரானுங்கோ. ரெண்டு வேல இப்டியே பூட்ச்சு. அதான் கை முந்திக்குது."

"நெஜமாவே கோவம் வந்தா?"

"அப்பவும் சலாம்தான். வேற இன்னா பண்ண சொல்ற?"

அந்த வாரமே, வரிசையில் காத்துக் காத்து வெறுத்துப்போன ஒரு டிரைவர், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், "இன்னாடா மொறைக்கிற?" என்று அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவர் விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். பிடி விட்டதும், ஆபீஸ் வாசலில் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டு நின்ற என் பக்கம் திரும்பி, எனக்கும் ஒன்று வைத்தார்.

அது எந்தச் சலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.