ரெஜினா அக்கா நிறுத்திய இடம்

ரெஜினா அக்கா இறந்த செய்தி வந்தபோது கடையில் ஒரு காதுகுத்து வீடியோ டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய கணவர் அந்தோணி அண்ணன்தான் போன் செய்தார். "உங்க அக்கா போயிட்டாளுங்க அம்மணி" என்றார். அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வேலை முடிந்து டிஸ்க் தட்டு தானாக வெளியே வந்து நின்றது. எப்போதும் வருவதுதான். அன்றைக்கு அதைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

போத்தனூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய வீடியோ மிக்சிங் கடை, இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணங்களை நான் வெட்டி ஒட்டுவேன். டிஸ்க்கில் ஏற்றுவது அக்கா. பாதியில் நின்றுபோன டிஸ்க்குடன் வருகிறவர்கள், ஏன் நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். "ஏன்னு அப்பறம் பாக்கலாமுங்க, மொதல்ல எங்க நிக்குதுன்னு சொல்லுங்க" என்பார் அக்கா. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் டிஸ்க் மட்டமானது, அல்லது டிரைவில் தூசி. வேகத்தைக் குறைத்து ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே இடத்தில் நின்றால் கோளாறு படத்துக்குள்ளேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த டிஸ்க்குடன் வந்தவர்களுக்கு மட்டும் தனி அர்ச்சனை நடக்கும். வாங்கிக்கட்டிக்கொண்ட சிலரும் இதைப் படிப்பீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒருமுறை சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் தன் கல்யாண கேசட்டைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் ஏறிய படம் டிஸ்க்குக்கு மாறும்போது ஒரே இடத்தில் நின்றது. அங்கே ஒரு பெரியவர் மணமக்களுக்கு அரிசி போட்டுவிட்டு கேமராவைப் பார்க்கிறார். அவர் யாரென்று கேட்டோம். தறிக்காரரின் அப்பாவாம், கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் இறந்துவிட்டாராம். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அக்கா சிரித்தார். கேசட்டைத் திறந்து நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல. இந்த மூஞ்சி வார எடத்துல நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்காங்க. நாடா தேஞ்சுபோச்சு."

அக்காவுக்கும் ஒரு பையன் இருந்தான், ஜெரி. ஐந்தாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் பற்றி அவர் கடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் அடக்கத்துக்கு வந்தவர்கள் முன்னாலும் அவர் அழவில்லை. அதற்காக அவரைக் கல்நெஞ்சுக்காரி என்றவர்கள் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் நினைவுப் பூசைக்கு முன்பு அந்தோணி அண்ணன் ஒரு பழைய கேசட்டுடன் கடைக்கு வந்தார். ஜெரியின் பிறந்தநாள். எடுத்தது அக்கா என்பதால் படத்தில் அவர் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. வேறு எதிலும் அவர் குரல் இல்லையாம். பூசை முடிந்ததும் எல்லோரும் அதைக் கேட்க வேண்டும், அப்புறம் வீட்டில் தனக்கும் அது வேண்டும் என்றார். வீட்டிலிருந்த கேசட் பிளேயர் கெட்டுப்போய்விட்டது, அவரிடம் ஓடுவது டிஸ்க் பிளேயர் ஒன்றுதான்.

பட்டப்பகலில், கடையில் தனியாக உட்கார்ந்து அதை ஓட்டினேன். கேக்கைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். "கண்ணு, இங்க பாரு" என்கிறது அக்காவின் குரல். ஜெரி திரும்பிப் பார்க்கிறான். நானும் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

டிஸ்க்குக்கு மாற்றினேன். அவன் திரும்பிப் பார்க்கும் அந்த இடத்தில் நின்றது. வேறு டிஸ்க் போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். திறந்திருந்த மற்ற புரோகிராம்களையெல்லாம் மூடினேன். ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில், ஏறும் படம் தெரிகிற சின்னக் கட்டத்தில், அந்தப் பையன் என்னைப் பார்த்தபடியே நின்றுவிட்டான். ஜெபம் சொல்லிவிட்டுக்கூட ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கடைசியில் கேசட்டைத் திறந்தேன். அந்த இடத்தில் நாடா, சோமனூர் கேசட்டைவிட மோசமாகத் தேய்ந்திருந்தது.

அந்தத் துண்டை வெட்டி எறிந்தால் டிஸ்க் ஏறிவிடும். ஆனால் அக்கா கூப்பிடும் குரலும் அவன் முகமும் சேர்ந்தே போய்விடும். எனக்கு மனசு வரவில்லை. கெடாமல் கிடைத்த அவன் முகத்தின் ஒரு படத்தை அந்த இடம் முழுக்க அசையாமல் வைத்து, அடியில் குரலை மட்டும் ஓடவிட்டேன். அப்புறம் ஏறியது.

கோயில் கூடத்தில் அதைப் போட்டோம். அக்காவின் குரல் கூப்பிட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் ஜெரி அசையாமல் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா பேசிக்கொண்டே போனார். அந்தோணி அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"இங்கதானுங்க அம்மணி அவ நிறுத்துவா. ஷிப்ட் முடிஞ்சு வாரப்ப வாசல்லயே சத்தம் கேக்கும். மறுக்கா மறுக்கா இதே எடம். அவ அணைக்கிற வரைக்கும் வெளியவே நின்னுபோட்டு, அப்பறந்தான் கதவைத் தட்டுவேன். ஒரு நாளாவது உள்ள போயி பக்கத்துல உக்காந்திருக்கலாமுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, படம் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க்கை அவர் எடுத்துப்போனார். கேசட்டை என்னிடமே விட்டுவிட்டார். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்னொரு முறை ஓட்டினால் அந்த இடத்தில் நாடா அறுந்துவிடும்; ஓட்டமாட்டேன். பெற்ற பிள்ளைக்கு ரெஜினா அழவே இல்லை என்று யாராவது வந்து சொன்னால், கேசட்டைத் திறந்து அந்த இடத்தைக் காட்டுவேன்.