துரை கொடுக்காத அனுமதி

துரையின் கார் மேடேறும் சத்தம் கேட்டதும், நாயைத் தூக்கித் தொட்டிலில் போட்டுக் கம்பளியால் மூடினேன்.

அப்போது கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் நாய் வளர்க்கக் கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் கட்டளை. மீறினால் நாய்க்குத் துப்பாக்கி. ஆளுக்குப் பத்துச்சீட்டு, வேலை போய்விடும்.

நாய் வந்த விதம் இது. காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டுப் பின்புறம் தெருநாய்களை அடைத்து வைத்துப் பராமரிப்பதைப் பார்த்தேன். கேட்பவர்களுக்குக் கொடுப்பாராம். ஒற்றைக் காதுச் செவலை ஒன்று என் சேலையின் பால் வாடையை மோந்துவிட்டு நகரவே இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு மாதத்தில் வந்து பார்ப்பதாக அந்த அம்மா தன் வேலைக்காரர் மூலம் சொன்னார். இவ்வளவு தூரம் யார் வரப்போகிறார்கள் என்று தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் தேயிலைச் செடியைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுபவர். "இருக்குறது ஒத்தக் காம்பரா. நாய் எங்க படுக்கும், ஒன் தலையிலயா?" என்று குதித்தார். நாயோ அவர் கைக் கத்தியைக் கண்டதும் அடுப்படியில் ஒடுங்கி நடுங்கியது. மறுநாள் முதல் கத்தியைச் சாக்கில் சுற்றி வெளியே செருகிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மூன்றாம் நாள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போட்டு, "தின்னுடி ராணி" என்றார். பெயரும் வைத்தாயிற்று.

பகலில் ராணி என்னோடு பிள்ளைக் காம்பராவுக்கு வரும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கு விஷயம் தெரியும். கண்ணில் படாதது போல் போய்விடுவார்.

அன்று காரிலிருந்து துரையோடும் கண்டாக்கு ஐயாவோடும் இறங்கியது அதே வெள்ளைக்கார அம்மா. துரை பங்களாவுக்கு விருந்தாளியாம். என்னைக் கண்டதும் சிரித்து, இங்கிலீசில் ஏதோ கேட்டார்.

கண்டாக்கு ஐயாவுக்கு முகம் வெளுத்தது. "நாய் எங்கேன்னு கேக்குறாங்க, ஆயா."

"எந்த நாய்?" என்றார் துரை.

தொட்டில் ஆடியது. கம்பளிக்கு வெளியே வால் நீண்டு, விருந்தாளியை வரவேற்றது.

துரைக்குத் தமிழ் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. அது போதும்.

"ஐயா, அம்மாகிட்ட சொல்லுங்க. வேற தோட்டத்துல நாயச் சுடுவாங்க. நம்ம தொரை நல்ல மனசுக்காரருங்க. அவருதான் வளத்துக்கச் சொன்னாரு."

கண்டாக்கு ஐயா துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மொழிபெயர்த்தார். சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்த்திருக்க வேண்டும். நான் சொன்னதைவிட நீளமாகப் போனது. அந்த அம்மா கண் கலங்கி, துரையின் கைகளைப் பிடித்துக்கொண்டார். துரையின் முகம் பழுத்த மிளகாய்.

"யெஸ், யெஸ்" என்றார்.

மறுநாள் ஆபிசுக்குக் கூப்பிட்டார். "ஆயா, நான் எப்ப சொன்னது?"

"நேத்து சொன்னீங்களே தொரை, யெஸ்ஸுன்னு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "ஒரு நாய். ரெண்டு இல்ல. போ."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மேலே இருப்பவர்களிடம் இரக்கத்தைக் கேட்டு நின்றால் காலம் போய்விடும். அது அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதாக நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள். பிள்ளைக் காம்பராக் கூரை ஒழுகலை நான் சரிசெய்ய வைத்ததும் அப்படித்தான்.