அருவிக்குத் தேய்த்த எண்ணெய்

பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாமா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். அதனால்தான் அந்த நேரம் எனக்கு இவ்வளவு சரியாகத் தெரியும். “ஏட்டி, நனைச்சிராத. ரெண்டே நிமிஷம், தலைய நீட்டிட்டு வந்துருதேன்” என்றார்.

அதை அருவி என்று சொல்லியிருக்கவே கூடாது. தில்லியின் தெற்கு ஓரத்தில், சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால், மழை மாதங்களில் மட்டும் பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டும். அப்பாவிடம் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்கள் தென்காசிப் பக்கம். சாரல் காலத்தில் குற்றாலம் போக வழியில்லாமல் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் புழுங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்த ஒரு செய்தி போதும்.

அம்மாவின் தம்பியான மாமா, வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். அருவிக்கு எண்ணெய் தேய்க்காமல் போவதென்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றவே தோன்றாது. காலையிலேயே அம்மா எல்லோருக்கும் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். மாமாவைத்தான் லேசில் விடவில்லை.

“போதும்க்கா, சட்டையெல்லாம் ஒட்டுது.”

“சும்மா இருல. டெல்லிச் சூட்டுல கருவாடா காஞ்சு கெடக்க” என்று தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்த்து, விரல் விரலாக நீவினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் மினுமினுக்கும் தலைகளைப் பார்த்துவிட்டு, “க்யா பாயி சாப், பகோடா தல்னே ஜா ரஹே ஹோ?” என்றார். அம்மாவுக்கு ஹிந்தி வராது. “என்னட்டி சொல்லுதான்?” என்று என்னைக் கேட்டாள். காய்கறிக்காரர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரி என்று யார் பேசினாலும் அவளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

“பக்கோடா பொரிக்கப் போறீங்களான்னு கேக்காரும்மா.”

மாமாதான் அதிகம் சிரித்தார்.

எங்கள் ஊரில் அருவிக்கு அடியில் பாறை இருக்கும். தண்ணீர் தலையில் விழுந்து காலடியில் ஓடிப்போகும். மாமாவுக்கு நீச்சல் தெரியாது. அருவியில் குளிக்க நீச்சல் எதற்கு? ஆனால் இங்கே தண்ணீர் விழுந்தது, கல் வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தில். முதல் அடியில் முழங்கால் அளவுதான். திரும்பிப் பார்த்து, “அத்தான், ஜில்லுனு இருக்கு, வாங்க” என்றார். அடுத்த அடியில் அவர் இல்லை.

அப்பாவுக்கும் நீச்சல் தெரியாது. பாறையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். மாமாவின் கை மேலே வந்தது. அப்பா பிடித்தார். நான் பார்த்தேன், நன்றாகத்தான் பிடித்தார். கை உருவிக்கொண்டு போயிற்று. மறுபடி வந்தபோது இரண்டு கையாலும் பிடித்தார். அதுவும் போயிற்று. பிறகு வரவில்லை.

இப்போது அங்கே கம்பி வேலி, பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறதென்று என் மகன் போனில் படம் காட்டுகிறான். வரும் ஞாயிறு நண்பர்களோடு போக வேண்டுமாம். தண்ணீர் நீலமாக, அழகாகத்தான் இருக்கிறது.

அன்று அப்பா ஆள் தேடிப் பாதையில் ஓடினார். அம்மா தண்ணீரைப் பார்த்து மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. கடிகாரம் நனையாமல் கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன். மாமா வந்து கேட்டால் காட்ட வேண்டுமே.

வெயில் சாயும் நேரத்தில்தான் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் கயிறோடு வந்தார்கள். இருவர் முங்கினார்கள். பலமுறை முயன்று, கடைசியில் இடுப்பில் கயிறு கட்டித்தான் மாமாவை மேலே இழுத்தார்கள். கரைக்கு வந்ததும் அவர்களில் ஒருவர் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். புல்லில் துடைத்தபடி எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஹாத் ஹீ நஹீ டிக் ரஹா தா. இஸ்கோ தேல் கிஸ்னே மலா?”

“என்னட்டி சொல்லுதாரு?” என்றாள் அம்மா.

“பிடியே நிக்கலையாம், வழுக்குதாம். இவருக்கு யாரு எண்ணெய் தேச்சதுன்னு கேக்காரும்மா.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு முறை சொன்னேன்.