பனையை நகர்த்திய நாள்

பெங்களூரில் கடல் இல்லை. அதனால்தான் நான் பிழைத்தேன். கடல் இருக்கிற ஊரில் கடலை வரைந்தால் எவன் வாங்குவான்? மூவாயிரம் அடி உயரத்தில், ஏரியைப் பார்த்தே "எவ்வளவு தண்ணி!" என்று வாயைப் பிளக்கிறவர்கள் நடுவில் கடலைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஓவியப் பள்ளிக்கூடத்தின் வாசல்படி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவன் பத்தே வருஷத்தில் கண்டோன்மென்ட் முழுக்க 'கடல் பெயிண்டர்' என்று பேர் வாங்கினேன் என்றால் அது என் கை. வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது.

என் ஊர் செங்கல்பட்டுக்குக் கிழக்கே கடலோரம் ஒரு மீனவக் குப்பம். பேர் சொல்ல மாட்டேன். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், பங்களா ஜன்னல்களுக்குப் பச்சை வர்ணம் அடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினேன். ஜன்னலிலிருந்து கடைப் பலகைக்கு வந்தேன். கடைப் பலகையிலிருந்து போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தேன். ஸ்டூடியோவில், ஆட்களை நிறுத்திப் படம் எடுக்க அவர்களுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். பூந்தொட்டியும் மாடிப்படியும் வரைந்த பழைய திரை கிழிந்துபோயிருந்தது. முதலாளி "என்னவாவது போடப்பா" என்றார். நான் கடலைப் போட்டேன்.

ஐயோ, அந்தத் திரைக்கு வந்த கூட்டம்! தங்கவயலில் வாரம் முழுக்கப் பூமிக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரயிலேறி வந்து என் கடலுக்கு முன்னால் நின்றார்கள். ஒரு அம்மா, படம் எடுக்கும் நேரத்தில் புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "அலை வருதே" என்றாள். எந்தப் படிப்பாளி வரைந்த அலைக்காவது ஒரு பொம்பளை புடவையைத் தூக்கியிருக்கிறாளா?

அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் அச்சகக்காரர் ஒருவர் காக்ஸ் டவுனில் நான் குடியிருந்த அறைக்குத் தேடி வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஊதுபத்திக் கம்பெனி ஒன்றுக்குக் காலண்டர் அச்சடிக்க வேண்டும். எல்லாரும் சாமி படம் போடுகிறார்கள், கம்பெனி முதலாளிக்கு வேறு மாதிரி வேண்டுமாம். "கடல் பண்ணு ஸ்வாமி. ஆனா சொல்ப நல்லா இருக்கணும். கன்னியாகுமரிவரைக்கும் கடை கடையா தொங்கும்" என்றார்.

கடை கடையாகத் தொங்கும்! எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபது நாள் வரைந்தேன். கடலுக்குள்ளிருந்து கரையைப் பார்க்கிற மாதிரி படம். இடது பக்கம் பாய் விரித்த கட்டுமரம், நடுவில் அலை, தூரத்தில் கரை. கரையில் தனியாக ஒரு பனை. அதன் உச்சிக்கு மேலே, உள்நாட்டில் இருக்கும் மலையின் முனை வந்து தொட்டுக்கொண்டு நிற்கும். வலது பக்கம் வெறும் வானம், கம்பெனி பேர் போடுவதற்காக. அச்சகக்காரர் வந்து பார்த்து, "அந்தப் பனை மேல மலை குந்தினு இருக்கு பாரு, அதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று கையைத் தட்டினார். வர்ணம் காயட்டும், அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு முதலாளியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து, காலண்டராக அச்சாகப் போகிறது என்றும் எழுதி, ஊருக்கு, அண்ணன் பேருக்குத் தபாலில் அனுப்பினேன். பார்க்கட்டும், தம்பி யாரென்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

புதன்கிழமை காலையில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. தலையில் கருவாட்டுக் கூடையோடு என் அண்ணி இறங்கினாள். மெட்ராஸுக்கு அப்பால் கால் வைக்காதவள், தனியாக.

"இன்னா அண்ணி, சொல்லாம கொள்ளாம?"

"உங்க அண்ணன் வர்றேன்னுதான் கெளம்பினாரு. வந்தா கை நீட்டிடுவாரு. அதான் அவரக் குந்த வச்சிட்டு நான் வந்தேன்" என்றாள் அண்ணி. கூடையைக்கூட இறக்கவில்லை. "அந்தப் படம் எங்க? அச்சுக்குப் பூடுச்சா?"

"இல்ல. இன்னிக்கு மூணு மணிக்கு எடுத்துக்கினு போறாங்க. இதோ பாருங்க..."

"காட்டாத! நான் பாக்கக் கூடாது!" என்று கத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "நீ அனுப்புன போட்டாவ எனக்கே காட்டல அவரு. பாத்தாரு, மூஞ்சி செவந்துச்சு, அடுப்புல போட்டுட்டாரு. 'பனையப் பாரு'ன்னு சொல்லச் சொன்னாரு. 'பனை அங்கியே இருந்தா எனக்குத் தம்பி இல்ல'ன்னு சொல்லச் சொன்னாரு. அவ்ளோதான். மிச்சம் எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. பொறாமை, வேறென்ன என்று நினைத்தேன். கடல் பெயிண்டரின் படத்தில் குறை சொல்ல ஒரு வலைக்காரனா? அந்தக் கோபத்தோடேயே படத்துக்கு முன்னால் போய் நின்று பனையைப் பார்த்தேன். பனைக்கு மேலே மலையைப் பார்த்தேன். அப்புறம் கரையின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊருக்கு நேரே, கடலுக்கு அடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. பார் என்று சொல்லுவோம். மற்ற இடத்தில் மீன் இல்லாத மாசத்திலும் அங்கே தூண்டில் போட்டால் சங்கராவும் களவாவும் கிடைக்கும். எங்கள் அப்பா கண்டுபிடித்த பார் அது. தண்ணீருக்கு மேலே எந்த அடையாளமும் கிடையாது. கரையைப் பார்த்துத்தான் அந்த இடத்துக்குப் போக முடியும். பனை உச்சியும் மலை முனையும் ஒரே கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்த இரண்டு என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். இரண்டு கோடும் சேருகிற இடம்தான் பார். அடுத்த குப்பத்துப் படகு தெரிந்தால் அப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். வீட்டுப் பொம்பளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை. அப்பா போன பிறகு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன், நான்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. சின்ன வயதில் கட்டுமரத்தில் மணிக்கணக்காக அந்த ஒரே இடத்தில் உட்கார்ந்து கரையைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினால் வருவது அந்தக் கரைதான். அதை அப்படியே, விரற்கடை பிசகாமல் வரைந்துவிட்டேன். வேறு எவனாவது வரைந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது, அவனுக்கு அவ்வளவு சரியாக வராது!

காலண்டர் கடலோரக் கடைகளில் தொங்கினால் என்ன ஆகும்? அடுத்த குப்பத்துக்காரன் டீ குடித்துக்கொண்டே பார்ப்பான். மறுநாள் விடியும்போது எங்கள் பார்மேல் இருபது கட்டுமரம் நிற்கும். அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள்.

"அண்ணி, பனைதான் இந்தப் படத்துக்கு உசுரு. அதுக்காகத்தான் அச்சகக்காரர் எடுத்தாரு" என்றேன்.

"எனக்குப் படம் தெரியாது தம்பி. போன மழைக்காலத்துல ஊர்ல அத்தினி பேரும் கஞ்சி குடிச்சாங்க. எங்க வூட்ல மட்டும் மீன் வெந்துச்சு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. நீ கேளு உன் மனச" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

வர்ணக் கத்தியை எடுத்தேன். எண்ணெய் வர்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும். சுரண்டினேன். இருபது நாள் வேலையின் உச்சி, மட்டை மட்டையாக உரிந்து தரையில் விழுந்தது. டர்ப்பன்டைன் துணியால் துடைத்தேன். மலைக்குக் கீழே இப்போது ஒரு வெள்ளைக் கீறல்தான்.

"சுரண்ற சத்தம் கேக்குதே. வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன்."

"நுங்கு எதனா விழுந்துச்சா பாரு" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு விரல் நகர்த்தினால் போதாது. கடல்காரன் கெட்டிக்காரன், சுற்றிச் சுற்றித் தேடிப் பிடித்துவிடுவான். ஒரு சாண் நகர்த்த வேண்டும். இடது பக்கம் பாய் மறைக்கிறது. வலது பக்கம்தான் இடம், ஆனால் அது கம்பெனி பேருக்கு விட்ட வானம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. யோசிக்க நேரமில்லை. அந்த வானத்தின் நடுவிலேயே பனையை நட்டேன். பழைய பனையைவிட நன்றாகவே வந்தது. சுரண்டிய இடத்தில் மலையின் நீலத்தைப் பூசி, மேகம் ஒன்றை இழுத்துவிட்டேன். கை ஓடிய வேகத்தை நானே அப்போதுதான் பார்த்தேன்!

"இப்ப திரும்பலாம் அண்ணி."

அண்ணி மெல்லத் திரும்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எந்த ஊரு?" என்றாள்.

கரையிலிருந்தே கரையைப் பார்த்துப் பழகியவள், அவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. "நம்ம ஊருதான்" என்றேன்.

"அப்டியா? தெரியல. அப்ப சரி" என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்று மணிக்கு அச்சகக்காரரும் ஊதுபத்தி முதலாளியும் வந்தார்கள். அறை முழுக்கக் கருவாட்டு வாசனை. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். அச்சகக்காரர் படத்தைப் பார்த்து, "ஏனு ஸ்வாமி இது! மரம் எங்க போச்சு?" என்று தலையில் கை வைத்தார்.

"நடந்து வலது பக்கம் வந்துடுச்சு சார். ஈரம், வெரல் வைக்காதீங்க."

"தமாஷா? மரம் மேல மலை அழகா இருந்துச்சு அல்லவா? இப்போ கம்பெனி பேர எங்க போடறது, உன் தலை மேலயா?"

முதலாளி வாசல் பக்கம் திரும்பிவிட்டார். காலண்டர் கைநழுவிப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுப்படியிலிருந்து அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பளிச்சென்று தோன்றியது. கடைப் பலகை எழுதிய கையல்லவா இது! சிவப்பு வர்ணத்தைத் தொட்டேன். கட்டுமரத்தின் பாய் வெறுமையாக, வெள்ளையாக இருந்தது. அதில், காற்றில் பாய் உப்பியிருக்கிற வளைவுக்குத் தக்கபடி எழுத்தை வளைத்து, கம்பெனி பேரை அவர்கள் கண்ணெதிரே எழுதினேன். கோடு போடவில்லை, அளவு பார்க்கவில்லை.

முதலாளி மூக்கிலிருந்து கையை எடுத்தார். கிட்டே வந்தார். "என் பேரு கடல்ல போகுது" என்றார் குழந்தை மாதிரி. அச்சகக்காரர் உடனே, "நான் அதைத்தான் சொன்னேன் ஸ்வாமி, மொதல்லேர்ந்து!" என்றார். ஈரப் படத்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காலண்டர் வந்தது. பெங்களூரில் ஏறாத சுவரில்லை. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். டீக்கடையில் பெஞ்சுக்கு மேலேயே என் படம் தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"வாப்பா பெங்களூரு! நம்ம பனைக்குக் காலு மொளச்சிருச்சா? தோப்புக்கு அந்தாண்ட பூட்டுதே!" என்றான் ஒருவன்.

"பாய்ல ஊதுவத்தி பேரு எழுதிக்கினு எவன்டா கடலுக்குப் போவான்? மீனுக்கு தூபம் காட்டவா?" என்றான் இன்னொருவன். கடையே சிரித்தது. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த அண்ணன் சிரிக்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

சிரிக்காத இன்னொருவரும் இருந்தார். அடுத்த குப்பத்துப் பெரியவர், பழம் தின்று கொட்டை போட்ட கடல்காரர். காலண்டருக்குக் கிட்டே போய், ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டிப் பனையையும் மலையையும் அளந்தார். "இது எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தது?" என்றார் என்னிடம்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன எதுக்கு மாமா கேக்குறீங்க?" என்றார் அண்ணன் உரக்க. "கட்டுமரத்துல ஏறின நாளெல்லாம் தலைய தொங்கப் போட்டு வாந்தி எடுத்தவன் அவன். கரைய எங்க பாத்தான்? ஊரு எப்டி இருக்கும்னே மறந்துட்டு, கண்டதையும் கிறுக்கி வச்சிருக்கான்!"

வாந்தி எடுத்தது உண்மைதான். கூரை பறக்கிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்து, கட்டை விரலை மடக்கிக்கொண்டார். என்னால் ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்திருக்க முடியும். எந்தச் சபையிலும் பதில் சொல்லாமல் வந்தவனில்லை நான். அன்றைக்குச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"நிக்கிறான் பாரு மரமாட்டம். வந்து குந்துடா தம்பி" என்றார்.