என்மேல் கேஸ் போட்டவர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் ராயபுரத்துக்காரன். விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், கல்யாணம் நிச்சயமானதும் கரையிலேயே வேலை வேண்டும் என்று கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இன்டர்வியூவில் ஓட்டிக் காட்டி அசத்திவிட்டேன். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

உன் மேல கேஸ் ஏதாவது உண்டா என்று மேனேஜர் கேட்டபோது, "கிடையாது சார்" என்று எங்கள் ஊர் போலீஸ் கொடுத்த சான்றிதழை நீட்டினேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த வாரமே போன் வந்தது. ஆட்களைப் பற்றி விசாரிக்கக் கம்பெனி வைத்திருந்த ஏஜென்சி, நம்மூர் ஸ்டேஷனோடு நிற்காமல் பக்கத்து மாநிலக் கோர்ட்டுகளிலும் தேடியிருக்கிறது. ஆந்திராவில் என்மேல் ஒரு கேஸ் நிலுவையில் இருந்தது! முன்பு நெல்லூர் பக்கம் மீன்பிடிக்கப் போனபோது, எங்கள் படகு ஒரு சின்னப் படகுக்காரரின் வலையைக் கிழித்துவிட்டது. ஊரே திரண்டு எங்களைப் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தது. ஜாமீனில் திரும்பினோம். படகு ஓனர் பேசி முடித்திருப்பார் என்று எல்லோரும் மறந்தே போனோம்.

கேஸை முடித்துக்கொண்டு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"இன்னா மாமு, இதுக்குப் போய் பேஜாராயிகினு கீற? வேற கம்பெனி பாத்துக்கலாம் வுடு" என்றான் என் கூட்டாளி ஒருவன். அடுத்த கம்பெனியும் தேடத்தானே செய்யும்? எனக்கு அதில் சம்மதமில்லை. நேராக நெல்லூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். புகார் கொடுத்தவரே கோர்ட்டுக்கு வந்து சமாதானம் என்று சொன்னால் முடித்துவிடலாம் என்றார்.

அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று புகார் கொடுத்திருந்த அந்தச் சின்னப் படகுக்காரர் வீட்டுக்கே போனேன். அந்தப் பக்கத்துக் கரையூர்களில் தமிழும் பேசுவார்கள். நான் யார் என்று சொன்னதுமே அவர் மனைவி பிடித்துக்கொண்டார். "வலையைக் கிழிச்சதும் இல்லாம வீடு தேடி வேற வந்தியா?"

"கிழிச்சது நாங்கதான்க்கா. இல்லன்னு சொல்ல வர்ல" என்றேன். வேலை விஷயத்தையும் கல்யாணத்தையும் சொன்னேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த படகுக்காரர் வெளியே வந்தார்.

"உங்க படகுல இருந்து வேற யாரும் வரலியா?"

"இல்லண்ணா, நான் மட்டும்தான்."

"கோர்ட்டுக்கு என்னிக்கு வரணும்?" என்றார். வக்கீல் சொல்லியிருந்த தேதியைச் சொன்னேன்.

சொன்ன நாளில் கடலுக்குப் போகாமல், துவைத்த சட்டையோடு எனக்கு முன்பே கோர்ட் வாசலில் நின்றிருந்தார். ஜட்ஜிடம் தெலுங்கில் அவரே சொல்ல, கேஸ் முடிந்தது. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "போப்பா போ. கிரேனையாவது பாத்து ஓட்டு" என்று சிரித்தார்.

வேலை கிடைத்தது. இன்றைக்கும் என் பெயரைத் தேடினால் அந்தக் கேஸ் வரும், சமாதானமாக முடிந்தது என்ற குறிப்போடு. தாராளமாக வரட்டும். யார் கேட்டாலும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு எதிராகப் புகார் கொடுத்தவர் என்று ஒரு பெயர் இருக்கிறதே, இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.